தாயமும் ரம்மியும்



சென்ற இதழில் மாவடு பூசணம் பூக்காமல் காப்பது எப்படி என்று பேசினோம். இந்தத் தடவை வீட்டுப் பணத்துக்குப் பூசணம் பிடிக்காமல் காப்பது பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். "பெண்கள் பத்திரிகையில் சீட்டாட்டத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று புருவத்தைத் தூக்காதீர்கள். ஆடுகிறவர் ஆணாக இருக்கலாம். அடகுக் கடைக்குப் போகிற தோடு நம்முடையதுதானே!

நாம் பார்க்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரு ஆட்டத்தில் ஜெயிப்பது அதிர்ஷ்டத்தாலா, திறமையாலா? இதற்காகப் பெரிய பெரிய வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் பதிலில் பாதி நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் விரிப்பார்கள். கட்டை உருளுகிறது, காய் நகருகிறது. ஏணி வந்தால் ஏறுகிறோம், பாம்பு வந்தால் இறங்குகிறோம். எட்டு வயசுப் பேத்தியும் எண்பது வயசுப் பாட்டியும் அங்கே சமம். அது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்.

அடுத்தது தாயம். எங்கள் வீட்டுப் பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம். ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது 2 விதத்தில்தான். ஆகச் சராசரியாக எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம். எத்தனை சாமியைக் கும்பிட்டு உருட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, எதை மலையில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது என்பதெல்லாம் மூளை வேலை. எனவே தாயம் கலப்படம். விழுவது அதிர்ஷ்டம், நகர்த்துவது திறமை.

மூன்றாவது ஆடு புலி. மூன்று புலி, பதினைந்து ஆடு. கட்டையும் இல்லை, மறைவும் இல்லை. எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. தோற்றால் நம் புத்திதான் தோற்றது. பல்லாங்குழியும் இந்த ரகம்தான். பதினாலு குழியிலும் எத்தனை புளியங்கொட்டை என்று மனசுக்குள் கணக்கு வைத்திருக்கிறவள்தான் ஜெயிப்பாள்.

எந்த ஆட்டம் எந்த ரகம் என்று கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. "வேண்டுமென்றே தோற்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை அழுகிறதே என்று ஆடு புலியில் விட்டுக் கொடுத்துவிடலாம். பரமபதத்தில் விட்டுக் கொடுக்க முடியுமோ? முடியவே முடியாது! தோற்கவே திறமை உதவாத ஆட்டத்தில் ஜெயிக்க மட்டும் எப்படி உதவும்?

இந்தச் சோதனையை ரம்மிக்கு வைத்தால் ரம்மி தேறிவிடும். கையில் வரும் 13 சீட்டு அதிர்ஷ்டம். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எதிராளி எதை எடுத்தார் என்று ஞாபகம் வைப்பது எல்லாம் திறமை. வேண்டுமென்றே ஜோக்கரைக் கழித்துத் தோற்கலாம். போக்கரும் அப்படித்தான். அமெரிக்காவில் லாஸ் வேகாஸில் 1970 முதல் நடந்து வரும் உலகப் போக்கர் போட்டியின் முக்கிய ஆட்டத்தில் 1976லும் 1977லும் டாயில் பிரன்சன் என்கிற ஒரே ஆள் ஜெயித்தார். வெறும் அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு இப்படி அடுத்தடுத்து ஜெயிப்பது நடக்கிற காரியமா?

இதையெல்லாம் நான் யோசிக்க ஆரம்பித்ததே ஒரு தங்கையால்தான். ராஜபாளையத்துக்காரி. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் போய்விடலாம். அவள் வீட்டுக்காரருக்கு நூற்பு மில்லில் வேலை, மாறி மாறி ஷிப்ட். அவள் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலைக்குப் போகிறாள். காயத்துக்குக் கட்டுகிற துணிக்குப் பேர் போன ஊராயிற்றே அது! மகள் பிளஸ் டூ. 2024ஆம் வருஷம் கோடையில் ஒரு நாள் பால்கோவா வாங்க வந்தவள் போல என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். மகளிர் குழுவில் வாங்கிய கடன் தவணை இரண்டு நின்றுபோயிருந்தது. காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி.

"அக்கா, அவுக போன்ல ரம்மி ஆடுறாக. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தும் தூங்கறதில்ல. 'இது சூதாட்டம் இல்லடி, திறமை. கோர்ட்டே சொல்லிருச்சு'ங்கிறாக. அம்புட்டுப் பெரிய கோர்ட் சொன்னது பொய்யாவா இருக்கும்? நான் என்னக்கா பதில் சொல்ல?"

இது நியாயமான கேள்வி. "அதெல்லாம் தப்பும்மா, விடச் சொல்லு" என்று உபதேசம் செய்து அனுப்பினால் அவளுக்கு என்ன பிரயோஜனம்? அவளுக்கு வேண்டியது பதில்.

கோர்ட் சொன்னது பொய்யில்லை. 1968இல் ஆந்திர அரசு தொடுத்த ஒரு வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், மூன்று சீட்டைப் போல வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. 1996இல் நம் சென்னை கிண்டி வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமை என்றே முடிவாயிற்று. 2017இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் போனில் கற்பனை அணி கட்டி ஆடும் கிரிக்கெட்டையும் திறமைக் கணக்கில்தான் சேர்த்தது.

ஆனால் அந்த 1968 தீர்ப்பிலேயே இன்னொரு வரியும் இருக்கிறது. அதை விளம்பரத்தில் யாரும் சொல்லுவதில்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து வீட்டுக்காரரோ கிளப்காரரோ லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்பதே அது. நடுவில் உட்கார்ந்து காசு எடுப்பவர் யார் என்பதுதானே முக்கியம்!

அந்தத் தங்கைக்கு அடுப்பங்கரைக் கணக்கில் விளக்கினேன். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். மொத்தம் 600. நடத்துகிறவர் நூற்றுக்குப் பத்து வீதம் 60 எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 540. ஆறு பேரும் ஒரே மாதிரி கெட்டிக்காரர்கள் என்றால் ஆறு ஆட்டத்துக்கு ஒருவர் ஒரு தடவை ஜெயிப்பார். அவர் போட்டது 600, வந்தது 540. ஆக ஆறு பேருமே கெட்டிக்காரர்கள், ஆறு பேருமே நஷ்டக்காரர்கள்! போட்ட காசையாவது திரும்ப எடுக்க வேண்டுமென்றால் மற்ற ஐந்து பேரையும்விடக் கணிசமாக உசத்தியாக இருக்க வேண்டும். மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து தூக்கக் கண்ணோடு ஆடுகிறவர் உசத்தியாக இருப்பாரா, அதையே தொழிலாக வைத்திருக்கிறவர் இருப்பாரா?

"அப்போ திறமைன்னா நல்லதுதானேக்கா?" என்று கேட்டாள்.

இங்கேதான் சூட்சுமம். வெறும் அதிர்ஷ்ட ஆட்டத்தில் நாமும் எதிராளியும் சமம். இன்று போனது நாளை வரவும் கூடும். திறமை ஆட்டத்தில் அந்த ஆறுதல்கூடக் கிடையாது. திறமை குறைந்தவர் நிச்சயமாகத் தோற்பார். "இது திறமை ஆட்டம்" என்று யாராவது சொன்னால், "உன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் உன் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறான்" என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். சட்டத்துக்குச் சாதகமான வார்த்தை வீட்டுக்குப் பாதகமான வார்த்தையாகிவிட்டது, பாருங்கள்!

கிரிக்கெட் அணி கட்டுகிற ஆட்டத்தையும் பார்த்துவிடுவோம். நம் பிள்ளைகளுக்கு அதில்தான் மோகம். பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவராக வைத்தவருக்கு இரட்டைப் புள்ளி, துணைத் தலைவருக்கு ஒன்றரை மடங்கு. யார் எந்த மைதானத்தில் நன்றாக ஆடுவார் என்று படித்து வைத்திருப்பது திறமைதான். ஆனால் டாஸ், மழை, கைநழுவிய ஒரு கேட்ச், முதல் பந்திலேயே அவுட், இதெல்லாம் யார் கையில் இருக்கிறது? ஒரு நாள் ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் சத்தம்தான் பெரிசாகக் கேட்கும். திறமையின் குரல் கேட்க நூற்றுக்கணக்கான ஆட்டம் வேண்டும். அதற்குள் வீட்டு உண்டியல் காலி. லட்சம் பேர் ஆடுகிற போட்டியில் யாரோ ஒருவர் கோடி ஜெயித்தால் அவர் படம் வரும். மீதிப் பேரின் படத்தை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

இவ்வளவு தெரிந்தும் ஏன் விட முடிவதில்லை? அதற்கு மனசின் அமைப்பே காரணம். அமெரிக்க மனோதத்துவ நிபுணர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை நிறுத்திவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்போதாவது மட்டும் தீனி கிடைத்த புறாவோ, நின்ற பிறகும் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. போன் ஆட்டமும் எப்போதாவது ஒரு மணி தீனி போடுகிறது. அதோடு "ஒரே ஒரு சீட்டில் போச்சு!" என்கிற ஏக்கம் வேறு. திறமை என்ற எண்ணம் இந்த ஏக்கத்துக்கு எண்ணெய் ஊற்றும். லாட்டரியில் தோற்றவர் தலைவிதி என்று விட்டுவிடுவார். ரம்மியில் தோற்றவரோ "அடுத்த தடவை சரியாக ஆடுவேன்" என்பார்.

இது வெறும் கெட்ட பழக்கம் இல்லை, சகோதரிகளே. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சூதாட்ட நோய் என்றே ஓர் இனம் வைத்திருக்கிறது. அறிகுறிகளைக் கேளுங்கள்: வரவர அதிகப் பணம் வைத்தால்தான் திருப்தி, நிறுத்தச் சொன்னால் எரிச்சல், விட்டதைப் பிடிக்க மறுநாளே மறுபடி ஆடுவது, தூக்கமின்மை, போனை மறைப்பது, கடன், பொய். இவற்றில் நாலைந்து சேர்ந்து தெரிந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். சண்டை போட்டுத் தீராது.

அந்தத் தங்கையை ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். இரண்டே பத்தி: 'போட்டது', 'வந்தது'. அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, வங்கிக் கணக்கிலும் போனில் பணம் அனுப்பிய பட்டியலிலும் இருப்பதை வரி வரியாக எழுதச் சொன்னேன். திட்டக் கூடாது, அழக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். அதுவரை அவர், "அஞ்சு மாசத்துல ஒரு நாலாயிரம் முன்னாலதான் இருக்கேன்" என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை. ஜெயித்தது மனசில் நிற்கும், தோற்றது நழுவிவிடும். மனித சுபாவம் அது. நோட்டில் கூட்டியபோது போட்டது 61,400, வந்தது 38,900. முன்னால் நாலாயிரம் அல்ல, பின்னால் 22,500!

அன்று இரவு அவர் சாப்பிடவில்லையாம். மறுநாளே திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இடையில் இரண்டு தடவை சறுக்கினார். பிறகு அவராகவே சம்பளக் கணக்கின் கார்டை அவள் கையில் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசனைக்கும் போய் வந்தார். தோடு இன்னும் மீட்கவில்லை. ஆனால் குழுக் கடன் தவணை ஒழுங்காகப் போகிறது, மகளும் காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது? நம் தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1968இல் அரசே லாட்டரி ஆரம்பித்தது. எத்தனையோ குடும்பம் நொந்த பிறகு 2003இல் லாட்டரி விற்பனைக்குத் தடை வந்தது. பிறகு சீட்டு போனுக்குள் புகுந்தது. 2021இல் கொண்டு வந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே வருஷம் ஆகஸ்டில் ரத்து செய்தது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வரவே, நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022இல் மறுபடி சட்டம் செய்தார்கள். ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டசபை மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்பதால் அவற்றின் மீதான தடை செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் இரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று விதி வந்தது. ஜூனில் நீதிமன்றம் அதை ஏற்றது.

கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரம் கட்டிவிட்டது! பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதுவானாலும் நடத்தக் கூடாது, விளம்பரமும் கூடாது என்கிறது. நடத்துகிறவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் அந்த மாசமே பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. எது எப்படி முடிந்தாலும், முன்கதவை அடைத்தால் புழக்கடை வழியாக வருகிறவர்கள் உண்டு. வேறு பேரில், வெளிநாட்டிலிருந்து, குறுஞ்செய்தி இணைப்பாக வரும் ஆட்டங்களில் பணம் போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

"விவசாயமும் சூதாட்டம்தானே? மழை பெய்யலாம், பெய்யாமல் போகலாம்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எங்கள் கரிசலில் பருத்தி போட்டவர்களைக் கேளுங்கள். ஒரு வருஷம் பொய்த்தாலும் நிலம் மிஞ்சும். மழை பெய்தால் ஊரே ஜெயிக்கும், ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்க வேண்டியதில்லை. பால்கோவா கிண்டுகிறவருக்குப் பால் அமைவது அன்றைய அதிர்ஷ்டம். அடிபிடிக்காமல் கிளறுவது கைத் திறமை. முடிவில் ஒரு பண்டம் உண்டாகிறது. பணம் வைத்த சீட்டில் என்ன உண்டாகிறது? ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகிற வழியில் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

வீட்டில் இந்தத் தொல்லை இருக்கிறவர்களுக்குச் சில யோசனைகள்:

1. முதலில் நோட்டு. போட்டது, வந்தது. வாதம் வேண்டாம், கூட்டல் போதும்.

2. நகையைக் கொடுத்து ரகசியமாகக் கடனை அடைக்காதீர்கள். ஒரு தடவை அடைத்தால் அடுத்த ஆட்டத்துக்குத் தைரியம் கொடுத்ததாகும். கடன் முழுவதும் எவ்வளவு என்று குடும்பத்தில் வெளிப்படையாகப் பேசிய பிறகு தவணை பேசுங்கள்.

3. சம்பளம் வந்த அன்றே வாடகை, பள்ளிக் கட்டணம், குழுத் தவணை மூன்றையும் கட்டிவிடுங்கள். பணம் அனுப்பும் வசதிக்குத் தினசரி வரம்பு குறைவாக வைக்கலாம்.

4. இரவு போன் அடுப்பங்கரை அலமாரியில் தூங்கட்டும். ஆடுகிறவருக்கும் தூக்கம் தேவை.

5. உடனடிக் கடன் தருகிற ஆப் பக்கமே போக வேண்டாம். மோசடியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

6. "செத்துவிடலாம் போல இருக்கு" என்று ஒரு வார்த்தை வாயில் வந்தாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் 104. இரண்டிலும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். ஆடுகிறவர் பேச மறுத்தால் நீங்களே பேசுங்கள். அல்லல்படுகிறவர் நீங்களும்தானே?

7. பிள்ளைகளுக்கு விளையாட்டே கூடாது என்று சொல்லிவிடாதீர்கள். பித்தளைக் கட்டையை உருட்டித் தாயம் போடுங்கள். 16க்கு 2 என்ற கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். உருட்டலில் எது தன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பத்து வயசில் புரிந்துகொண்ட பிள்ளையை இருபது வயசில் எந்த விளம்பரமும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

14416 என்ற எண்ணை இப்போதே காலண்டர் ஓரத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தேவைப்படலாம்.